பொய்க் கடிகாரத்தின் சின்ன முள்

மணிக்காரர்: ஒரு சாண்தான் கேக்கிறேன். அந்தச் சின்ன முள்ளை மூணுலேர்ந்து ஒரு சாண் கீழ இறக்கி வரைஞ்சா உன் சொத்தா அழிஞ்சு போயிடும்?

பெயிண்டர்: ஐயா, முதல்ல அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. தொண்ணூறு அடி உயரம். சாரத்துப் பலகை மேல நின்னுக்கிட்டு இப்படிக் கையை வீசி வீசிப் பேசாதீங்க.

மணிக்காரர்: முப்பத்து நாலு வருஷமா அந்த இடது கோபுரத்துல ஏறி நிஜக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவன் நான். என்கிட்ட உயரத்தைப் பத்திப் பேச வந்துட்டான். பேச்சை மாத்தாதே. நகர்த்துவியா, மாட்டியா?

பெயிண்டர்: மாட்டேன்.

மணிக்காரர்: ஏனாம்?

பெயிண்டர்: இருந்தது இருந்தபடி. பழைய கோயில்ல வேலைன்னா அதான் முதல் விதி. இந்த வலது கோபுரச் சுவத்துல வரைஞ்ச கடிகாரம் இத்தனை காலமா என்ன நேரம் காட்டுச்சோ, நான் புதுசா வரைஞ்சாலும் அதையேதான் காட்டணும்.

மணிக்காரர்: காட்டுச்சே, பெரிய நேரம்! பெரிய முள் நேரா ஆறுல. சின்ன முள் ஆணி அடிச்ச மாதிரி மூணு மேல. இப்படி ஒரு நேரம் உலகத்துல உண்டா? பெரிய முள் ஆறுக்கு வர்றப்ப சின்ன முள் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வந்திருக்கணும். அதான் மூணரை.

பெயிண்டர்: தெரியும்.

மணிக்காரர்: தெரிஞ்சுமா வரைஞ்சே?

பெயிண்டர்: தெரிஞ்சுதான் வரைஞ்சேன். பழைய பூச்சைச் சுரண்டினப்ப அடியில கீறல் கிடைச்சுது. ஈரச் சுண்ணாம்புல ஆணியால கீறி வெச்சிருக்கான். அது மேலயே பிரஷ்ஷை ஓட்டினேன். ஒரு நூல் தப்பல.

மணிக்காரர்: இதுல பெருமை வேற... வரைஞ்சவன் கடிகாரமே பார்க்காதவனா இருப்பான்.

பெயிண்டர்: அதுதான் இல்ல. அவன் முதல்ல சரியாத்தான் வரைஞ்சிருக்கான். இங்க வாங்க... மெதுவா... பன்னிரண்டுகிட்ட விரலை வெச்சுப் பாருங்க. பழைய கீறலைச் சுண்ணாம்பால அடைச்ச தடம் தட்டுப்படுதா?

மணிக்காரர்: ம்... ஏதோ மேடா இருக்கு.

பெயிண்டர்: முதல்ல பெரிய முள் அங்கதான் இருந்துச்சு. மூணு மணி. சுத்தமான மூணு மணி. ஆண்டவர் சிலுவையில உயிர் விட்ட நேரம்னு நினைச்சு வரைஞ்சிருப்பான். அப்புறம் அதை அடைச்சுட்டு ஆறுல கீறியிருக்கான்.

மணிக்காரர்: எதுக்கு?

பெயிண்டர்: தலையைத் தூக்கிப் பாருங்க. வட்டத்துக்கு மேல கல் விளிம்பு ரெண்டடி வெளிய நீட்டிக்கிட்டிருக்கா? அதோட நிழல் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேல் பாதியிலதான் விழும். கீழ சதுக்கத்துல நின்னு பார்த்தா பன்னிரண்டுல இருக்கிற முள் கண்ணுக்கே தெரியாது. கட்டடக்காரர் கீழேர்ந்து கத்தியிருப்பார், பெரிய முள்ளைத் தலைகீழாத் திருப்புடான்னு. திருப்பிட்டான். சின்ன முள்ளை நகர்த்தணும்னு அந்த அவசரத்துல தோணல.

மணிக்காரர்: அவசரம்தான். அது எனக்கும் தெரியும். ரெண்டு கோபுரத்துக்கும் ரெண்டு கடிகார மெஷின் வரணும். ஒண்ணு கப்பலோட முழுகிடுச்சு. கோயிலை மந்திரிச்சுத் திறந்து வைக்க பிஷப் வர்றாரு, நாலே நாள் இருக்கு. வலது கோபுரத்துல ஆறடிக்கு ஓட்டை. அடைச்சு ஒரு கடிகாரத்தை வரையாம விடுவாங்களா?

பெயிண்டர்: விட மாட்டாங்க. இந்தக் கோயில்ல எல்லாம் ஜோடி ஜோடியாத்தானே இருக்கணும். முன்னால ஆறு தூண், இந்தப் பக்கம் மூணு அந்தப் பக்கம் மூணு. மேல முக்கோண முகப்பு, நடுவுல கோடு போட்டு மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும்.

மணிக்காரர்: முதல்ல கோபுரமே கிடையாது, தெரியுமா? பழைய கோயில் எரிஞ்சு போய், இதைக் கட்ட ஆரம்பிச்சப்ப வெறும் தூணும் முக்கோணமும்தான் வரைபடத்துல. அந்தக் கால ரோமாபுரிக் கோயில் மாதிரி இருக்கணும்னு கட்டடக்காரருக்கு ஆசை. பிஷப் பார்த்துட்டு, ‘இது கோயிலா, கோர்ட்டா?’ன்னு கேட்டாராம். அதுக்கப்புறம்தான் ரெண்டு பக்கமும் கோபுரம் ஏறுச்சு.

பெயிண்டர்: ஹா... இது எனக்குத் தெரியாதே.

மணிக்காரர்: சிரிச்சது போதும். முள்ளுக்கு வா.

பெயிண்டர்: முள்ளு முள்ளுன்னு என் உசிரை வாங்கறீங்களே. முப்பத்து நாலு வருஷமா இது இப்படித்தானே இருந்துச்சு? அன்னிக்கெல்லாம் உறுத்தல, இன்னிக்குத்தான் உறுத்துதா?

மணிக்காரர்: தினம் உறுத்தும். நாள் முழுக்க ஒரு பொய்யைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நேரம் சொல்றவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

பெயிண்டர்: பொய்யைப் பத்திப் பேசினா இந்தக் கோயில்ல எதை விடுறது? உள்ள இருபத்து நாலு தூணையும் ஜனங்க பளிங்குன்னு நினைச்சு தடவித் தடவிப் பாக்குறாங்க. உள்ள செங்கல், மேல சுண்ணாம்பு. அந்தப் பளிங்கு நரம்புக் கோடு பூரா என்னை மாதிரி எவனோ இறகைச் சாயத்துல தொட்டு இழுத்தது.

மணிக்காரர்: அது வேற...

பெயிண்டர்: குவிமாடத்தை எடுத்துக்கோங்க. உள்பக்கம் வரிசை வரிசையா சதுரக் குழி. மேல போகப் போகச் சின்னதாக்கிட்டே போயிருக்காங்க. கீழ நிக்கிறவனுக்கு அது வானத்துக்கே போற மாதிரி தெரியும். அளந்தா அவ்வளவு உயரமே கிடையாது. எல்லாம் பொய். ஆனா அழகான பொய்.

மணிக்காரர்: அப்ப இன்னும் ஒரு பொய் சேர்ந்தா என்ன குறைஞ்சு போச்சு?

பெயிண்டர்: நீங்க பொய்யைச் சேர்க்கச் சொல்லல ஐயா. பொய்யை நிஜமாக்கச் சொல்றீங்க. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல முள்ளை வெச்சா இது தினம் ரெண்டு தடவை சரியான நேரம் காட்டும். உங்க கடிகாரமும் இதுவும் ஒண்ணா நிக்கும்.

மணிக்காரர்: இரு, உக்காந்துக்கிறேன்.

பெயிண்டர்: என்னாச்சு?

மணிக்காரர்: ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது.

பெயிண்டர்: நூத்திப் பதினாலு படி ஏறி வந்தப்ப வாங்காத மூச்சு இப்ப வாங்குதா?

மணிக்காரர்: டேய் தம்பி, நீ ரொம்பப் பேசறே.

பெயிண்டர்: நிஜமான காரணத்தைச் சொல்லுங்க. தொழில் மானம், அது இதுன்னு வேண்டாம். நான் கேக்கிறேன், சொல்லுங்க.

மணிக்காரர்: நாளைக்குக் காலையில சாரத்தைப் பிரிச்சிடுவாங்க இல்ல?

பெயிண்டர்: ஏழு மணிக்கு ஆள் வர்றாங்க.

மணிக்காரர்: அப்புறம் இன்னொரு நாப்பது வருஷத்துக்கு ஒரு ஈ காக்கா இங்க ஏறாது. நான் அதுவரைக்கும் இருப்பேனா?

பெயிண்டர்: எதுவரைக்கும் இருக்கணும்? என்ன ஆகணும் உங்களுக்கு?

மணிக்காரர்: எனக்கு ஒரு பொண்ணு.

பெயிண்டர்: ம்.

மணிக்காரர்: ஒரே பொண்ணு. தாயில்லாம வளர்ந்தவ. பள்ளிக்கூடம் விட்டா நேரா கோபுரத்துக்கு வந்துடுவா. மெஷின் பக்கத்துல உக்காந்துதான் வீட்டுப்பாடம். எண்ணெய் விடுறது, பல்லைத் துடைக்கிறது, எல்லாம் அத்துப்படி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஒருத்தனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. பெயிண்ட் அடிக்கிறவன்.

பெயிண்டர்: பெயிண்ட் அடிக்கிறவன்னா... கேவலமா?

மணிக்காரர்: நான் கேவலம்னு சொன்னேனா? குறுக்க குறுக்கப் பேசாதே. சாரத்துல தொங்குறவன். அதான் எனக்குப் பயம். இதே கோபுரத்துலேர்ந்து ஒரு பெயிண்டர் விழுந்ததை என் கண்ணால பார்த்திருக்கேன். கல்யாணமாகி எட்டு மாசம். அந்தப் பொண்ணு ஓடி வந்து முன்படியில உக்காந்து கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு. அந்தப் படியில என் பொண்ணை உக்கார வைக்கணுமா?

பெயிண்டர்: இதை... இதை அவங்ககிட்ட சொன்னீங்களா? இப்படித்தான், பயம்னு?

மணிக்காரர்: இல்ல.

பெயிண்டர்: பின்ன என்ன சொன்னீங்க?

மணிக்காரர்: அவனைக் கட்டினா என் வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னேன். அவளும் என் ரத்தம்தானே. ‘எப்பதாம்பா வரலாம்?’னு கேட்டா. எதிர்ல இந்த ரெண்டு கோபுரமும் தெரிஞ்சுது. கோபத்துல கையை நீட்டி, ‘அந்த ரெண்டு கடிகாரமும் என்னிக்கு ஒரே நேரம் காட்டுதோ அன்னிக்கு வா’ன்னுட்டேன்.

பெயிண்டர்: வேற யாராவதா இருந்தா, மூணரைக்குக் காட்டுமேன்னு நினைச்சிருப்பாங்க.

மணிக்காரர்: அவ நினைக்கல. அவளுக்குத் தெரியாத கடிகாரமா? நான் சொன்னது ‘என்னிக்கும் வராதே’ன்னு அவளுக்கு மட்டும்தான் புரியும். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

பெயிண்டர்: ஒன்பது வருஷமாவா?

மணிக்காரர்: ஒன்பது வருஷம், நாலு மாசம்.

பெயிண்டர்: இப்ப எங்க இருக்காங்க?

மணிக்காரர்: இதே ஊர்லதான்னு கேள்வி.

பெயிண்டர்: மாப்பிள்ளை எப்படி?

மணிக்காரர்: நான் எங்க பார்த்தேன்? கல்யாணம் வேற பங்குக் கோயில்ல நடந்துச்சு. நான் போகல. கைத்தொழில் சுத்தம்னு சொல்லிக்கிட்டாங்க. திமிர் கொஞ்சம் ஜாஸ்தின்னும் சொன்னாங்க.

பெயிண்டர்: திமிரா! யாரு சொன்னது?

மணிக்காரர்: உனக்கு ஏன் கோபம் வருது? பெயிண்டருக்குப் பெயிண்டர் பாசமா?

பெயிண்டர்: இல்ல... சும்மா கேட்டேன். ஐயா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு நடை போய்க் கதவைத் தட்டி, ‘வாம்மா’ன்னு சொன்னா முடிஞ்சுது. அதுக்குப் போய் ஒரு கோயில் கோபுரத்தையே மாத்தணுமா?

மணிக்காரர்: சொல்லிடலாம்... எத்தனையோ தடவை கிளம்பிட்டேன். சட்டையைப் போட்டுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, தெருமுனை வரைக்கும் போவேன். அங்க போனதும் கால் நகராது. நான் கூப்பிட்டு அவ வர மாட்டேன்னு சொல்லிட்டா? அந்த வார்த்தையை விட்டவன் நான். அதை எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல தம்பி. தினம் ராத்திரி அவ நினைப்புதான். ஆசையா இருக்குடா, அவளைப் பார்க்க. வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அதனாலதான் இந்தப் பாழாப் போன முள்ளு கொஞ்சம் நகர்ந்தா, வார்த்தையும் காப்பாத்தின மாதிரி இருக்கும், அவளும்...

பெயிண்டர்: கண்ணைத் துடைங்க. கைப்பிடியை விடாம துடைங்க.

மணிக்காரர்: நகர்த்துவியா?

பெயிண்டர்: முடியாதுங்க.

மணிக்காரர்: அட கல்நெஞ்சுக்காரா! இவ்வளவு சொல்லியும்...

பெயிண்டர்: கேளுங்க. இந்த வட்டத்தை நான் காகிதத்துல ஒத்தி எடுத்துக் கோயில் கமிட்டிக்குக் கொடுத்தாச்சு. நாளைக்கு அதை வெச்சுச் சரிபார்ப்பாங்க. ஒரு சாண் நகர்ந்திருந்தா சுரண்டி எடுத்துட்டுப் பழையபடி வரைன்னுதான் சொல்லுவாங்க. அப்படியே சொல்லலேன்னாலும் என்னால முடியாது. இல்லாத ஒண்ணை இருந்ததுன்னு வரைஞ்சா அப்புறம் இந்த பிரஷ்ஷை நான் கையிலயே எடுக்கக் கூடாது.

மணிக்காரர்: சரி... விடு. கேட்டது என் தப்பு. வர்றேன்.

பெயிண்டர்: நில்லுங்க. இந்தக் கடிகாரம் என் கையில இருக்கு, இதை மாத்த முடியாது. இன்னொரு கடிகாரம் யார் கையில இருக்கு?

மணிக்காரர்: என்ன சொல்றே?

பெயிண்டர்: இது அதைப் போல ஆகாது. அது இதைப் போல ஆகலாமே.

மணிக்காரர்: ஓடுற கடிகாரத்தைத் தப்பா வைக்கச் சொல்றியா? என்னையா?

பெயிண்டர்: உங்களைத்தான்.

மணிக்காரர்: உனக்குப் பைத்தியமா? முப்பத்து நாலு வருஷத்துல அது ஒரு நிமிஷம் தப்புக் காட்டினதில்ல. ஸ்டேஷன் கடிகாரம் நின்னாக்கூட என்னுதைப் பார்த்துத்தான் வெச்சுக்குவாங்க. என் பொண்டாட்டியை அடக்கம் பண்ணின அன்னிக்கும் கல்லறையிலேர்ந்து நேரா வந்து சாவி கொடுத்தேன். ஊரே என்னை நம்பிக்கிட்டு...

பெயிண்டர்: ஊரு ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கும். சின்ன முள் தனியா நகருமா?

மணிக்காரர்: நகரும். பின்பக்கம் ஒரு திருகு இருக்கு. தளர்த்தினா தனியா வரும். ஆனா...

பெயிண்டர்: ஆனா என்ன?

மணிக்காரர்: ஆனா அவ பார்க்கணுமே. யாரும் பார்க்காம நான் அதைத் தப்பா வெச்சு என்ன லாபம்?

பெயிண்டர்: அதை நான் பாத்துக்கிறேன்.

மணிக்காரர்: நீ எப்படி...

பெயிண்டர்: மணி மூணு இருபது. முகப்புக்குப் பின்னால இருக்கிற நடைபாதை வழியா உங்க கோபுரத்துக்குப் போனா இறங்கி ஏற வேண்டியதில்ல. போறீங்களா, இல்ல இங்கயே நின்னு இன்னும் ஒன்பது வருஷம் யோசிக்கிறீங்களா?

மணிக்காரர்: திமிர்... சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அந்த ஸ்பேனரைக் கொடு.

பெயிண்டர்: பாத்துப் போங்க. புறா எச்சம், வழுக்கும்.

மணிக்காரர்: தெரியும், தெரியும்...

பெயிண்டர்: ஐயா! போய்ச் சேர்ந்தாச்சா? பக்கத்து ஜன்னலைத் திறங்க! கேக்குதா?

மணிக்காரர்: கேக்குது! ஊருக்கே கேக்குது! திருகு துரு ஏறிக் கிடக்கு... அசைய மாட்டேங்குது!

பெயிண்டர்: எண்ணெய் விடுங்க!

மணிக்காரர்: எனக்குச் சொல்லித் தரியா? ...ஆங், வந்துடுச்சு. பெரிய முள் எங்க இருக்கு?

பெயிண்டர்: ஆறுக்கு வந்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு நிமிஷம்.

மணிக்காரர்: முள்ளைப் பிடிச்சுட்டேன்டா.

பெயிண்டர்: சரி. சின்ன முள்ளை மேல தள்ளுங்க. இன்னும்... இன்னும்... போதும்! ஐயோ, தாண்டிப் போச்சு. கொஞ்சம் கீழ!

ஃபாதர்: மணிக்காரரே! அங்க என்ன கூத்து? கடிகாரம் பின்னால போகுது, சதுக்கத்துல எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க!

மணிக்காரர்: ரிப்பேர் ஃபாதர்! சின்ன ரிப்பேர்!

ஃபாதர்: முப்பத்து நாலு வருஷமா வராத ரிப்பேரா?

மணிக்காரர்: ஒன்பது வருஷமா இருக்கிற ரிப்பேர் ஃபாதர்! அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும்! தம்பி, இப்ப எப்படி?

பெயிண்டர்: மூணு மேல... அப்படியே... ஆணி அடிச்ச மாதிரி! கையை எடுங்க! ரெண்டும் ஒண்ணு!

மணிக்காரர்: நிஜமாவா?

பெயிண்டர்: ஒரு நூல் தப்பல. இப்ப கீழ பாருங்க. முன்படியில, மூணாவது தூண்கிட்ட, நீலக் குடை.

மணிக்காரர்: கண்ணாடியைக் கீழயே வெச்சுட்டு வந்துட்டேன். நீயே சொல்லு. என்ன பண்றா?

பெயிண்டர்: நிமிர்ந்து என்னைப் பாக்குறா. நான் கையைக் காட்டிட்டேன். உங்க பக்கம் திரும்பறா... இந்தப் பக்கம் பாக்குறா... மறுபடி உங்க பக்கம்...

மணிக்காரர்: அப்புறம்? சொல்லேன்டா!

பெயிண்டர்: குடை கீழ விழுந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

மணிக்காரர்: அழறாளா?

பெயிண்டர்: சிரிக்கிறா. இல்ல... ரெண்டும். ஃபாதர் ஏதோ கேக்குறாரு, அவரைத் தள்ளிட்டு உள்ள ஓடறா. உங்க படிக்கட்டுப் பக்கம்!

மணிக்காரர்: ஓட வேண்டாம்னு சொல்லு! இருட்டுப் படி... அறுபதாவது படி உடைஞ்சிருக்கு...

பெயிண்டர்: அவளுக்குத் தெரியாத படியா? ஐயா, அவ மேல வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடணும். ரெண்டு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். நான் சாதாரணமா இந்த வேலைக்கு வந்தவன் இல்ல... அவ என் பொண்டாட்டி. தினம் இந்த நேரத்துக்கு எனக்கு டீ கொண்டு வருவா. மன்னிச்சிடுங்க மாமா.

மணிக்காரர்: இந்த வேலைக்குப் பன்னிரண்டு பேர் எழுதிப் போட்டிருந்தாங்க, அத்தனை காகிதத்துலேர்ந்தும் உங்க பேரைப் பார்த்துத் தேடி எடுத்து ஃபாதர் கையில வெச்சது யாருன்னு நினைச்சீங்க? அந்தப் பலகையை விட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஜாக்கிரதையா இறங்கி வாங்க மாப்பிள்ளை.